உட்கார்ந்துட்டுப் போங்க

அந்தக் காலத்தில் அன்னவாசல் கடைவீதியில் ஐஸ் வேண்டுமென்றால் நாகராசுவின் சோடாக் கடைக்குத்தான் போக வேண்டும். திருச்சியிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கூரையில், மரத்தூள் தூவிச் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம் வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்து இறங்கும். அதை உடைத்து, உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டியில் போட்டு, மேலே கலர் சோடா பாட்டில்களை அடுக்கி வைப்பான் நாகராசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷக் கோடையில் அந்தப் பாட்டில்களுக்கு நடுவே ஒரு சின்ன மருந்துப் பெட்டியும் இருந்தது. பெட்டிக்குள் பஞ்சில் பொதிந்திருந்த கண்ணாடிக் குப்பிகளைத் தன் புருஷனின் கால் என்றே நினைத்திருந்தாள் பிச்சையம்மாள்.

அவள் புருஷன் உடையப்பன் தபால்காரர். காக்கிச் சட்டையும் தோள்பையுமாகச் சுற்றுப்பட்டி அத்தனைக்கும் நடந்தே போய்த் தபால் கொடுத்தவர். ஒரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நடையில் ஒரு கோளாறு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கும். வெயில், பித்தம் என்று நாளைக் கடத்தினார்கள். பிறகு வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறவில்லை, களிம்பு தடவியும் ஆறவில்லை.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயில் கொழுப்புப் படிந்து அடைத்திருக்கிறது என்றார்கள். புண் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்கள். திரும்பி வந்து அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது உடையப்பன் கேட்டார்:

"காலு இல்லாத தபால்காரனைப் பாத்திருக்கியா பிச்சை?"

ஆவூர் டாக்டர் மைக்கேல்சாமியைப் போய்ப் பார்க்கச் சொன்னவன் நாகராசுதான். அவர் யுத்தகாலத்தில் பட்டாளத்து டாக்டராக இருந்து, பிறகு ஜெர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். திங்களும் வெள்ளியும் ஜீப்பில் அன்னவாசலுக்கு வருவார். சோடாக் கடையை ஒட்டிய அறைதான் அவருடைய வைத்தியசாலை. நடுவில் பலகைச் சுவர். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். கேட்காவிட்டாலும் நாகராசு காதை வைத்துக் கேட்பான்.

டாக்டர் உடையப்பனின் கணுக்காலில் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். அகப்படவில்லை. பிறகு அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். அதற்குள் இளமஞ்சளாக ஒரு திரவம் இருந்தது.

"சோயான்னு ஒரு பயறு இருக்கு. அதுலேருந்து எடுத்த கொழுப்புச் சத்து இது. சொட்டுச் சொட்டா ரத்தத்துல ஏத்துனா, குழாயில படிஞ்சிருக்கிற கொழுப்பைக் கரைக்கும்னு ஜெர்மனியில சில டாக்டருங்க எழுதுறாங்க. என்கூடப் படிச்சவர் ஒருத்தர் அனுப்பி வச்சிருக்கார்."

பலகைச் சுவருக்கு அங்கிட்டிருந்து குரல் வந்தது. "டாக்டரய்யா, அடைச்சதும் கொழுப்பு, அதை எடுக்குறதும் கொழுப்பா? நல்லாருக்கே நியாயம்!"

"ஏம்ப்பா நாகராசு, தலையில எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப்போனா இன்னொரு கை எண்ணெய் வச்சு ஊறவிட்டுத்தானே சீயக்காய் போடுறோம்?"

"அதுவுஞ் சரிதான்" என்று குரல் அடங்கியது.

டாக்டர் உடையப்பனைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. இது கட்டாயம் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கேட்டாலும் கேக்கலாம், அவ்வளவுதான். மருந்து ஒண்ணை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. பீடியை விடணும். நெய்யும் ஆட்டுக்கறியும் குறையணும். புண்ணுல தூசி படக்கூடாது. அப்புறம் நடக்கணும். வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, விட்டதும் திரும்ப நடக்கணும். எல்லாஞ் சேர்ந்ததுதான் வைத்தியம்."

இந்த ஊர் வெயிலுக்கு மருந்தைக் குளிர்ச்சியிலேயே வைத்திருக்க வேண்டும். டாக்டரிடம் குளிர்பெட்டி கிடையாது. யாரும் கேட்பதற்கு முன்பே நாகராசு தன் ஐஸ் பெட்டியில் கலர் பாட்டில்களை நெருக்கி இடம் பண்ணிவிட்டான். "கலரு ரெண்டு சூடா இருந்தா ஊரு செத்தா போயிரும்?" என்றான்.

உடையப்பன் அன்றைக்கே பீடிக் கட்டைக் குளத்தில் எறிந்தார். கறியை மறந்தார். திங்களும் வெள்ளியும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் படுத்துக் கையை நீட்டினார். நடப்பது மட்டும் அவரால் முடியவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார், வெட்கத்தைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நோய் வந்த புதிதில் ஒருநாள் கடைவீதி நடுவில் கால் பிடித்து நின்றவரைப் பார்த்து, சவரக்கடை மூக்கன் சிரித்துக்கொண்டே, "என்ன தபால்காரரே, ஆபீசு மூடியாச்சா?" என்று கேட்டுவிட்டான். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனாலும் ஊரெல்லாம் நடந்த மனுஷருக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்று வீட்டுக்குள் போனவர் வண்டி இல்லாமல் தெருவில் இறங்கவே இல்லை.

மருந்து ஏற்றுகிற முறையைப் பிச்சையம்மாள் ஒவ்வொரு தடவையும் கண் இமைக்காமல் பார்ப்பாள். டாக்டர் ஊசியைக் கொதிக்க வைப்பார். ஐஸிலிருந்து வந்த குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக் கைச்சூட்டில் குளிர் போக்குவார். அதைக் குளுக்கோஸ் பாட்டிலில் கலப்பார். உப்புத் தண்ணீரில் மட்டும் கலக்கவே மாட்டார், கலங்கிப்போய்விடுமாம். ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். தேன் கலந்த தண்ணீர் போலத் தெளிவாக இருந்தால்தான் சம்மதம். கடைசியாக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு நரம்பில் ஊசியை ஏற்றுவார்.

அந்தச் சிலுவைதான் அவள் மனத்தைக் குடைந்தது. டாக்டர் தம் சாமியிடம் சொல்லிவிட்டுத்தான் மருந்தைத் தொடுகிறார். தன் சாமிக்கு இந்த மருந்தைப் பற்றி என்ன தெரியும்? அவள் வீட்டில் எதுவும் மாரியம்மன் பாதத்தில் வைக்காமல் புழக்கத்துக்கு வந்ததில்லை. விதைநெல் அங்கே போய்விட்டுத்தான் வயலுக்குப் போகும். உடையப்பன் வேலைக்குச் சேர்ந்த அன்று தோள்பைகூட அங்கே போய்க் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் வந்தது. கடல் தாண்டி வந்த மருந்து மட்டும் ஆத்தாளைப் பார்க்காமலே ரத்தத்துக்குள் போகிறதே! புண் ஏறவும் இல்லை, ஆறவும் இல்லை என்று நிற்பது அதனால்தானோ?

ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை காலையில் அவள் சோடாக் கடைக்குப் போனாள்.

"தம்பி, மருந்துப் பெட்டியைக் குடு. இன்னிக்கு நானே டாக்டருகிட்டச் சேத்துடுறேன்."

"அவரு சாயங்காலந்தானேக்கா வருவாரு?"

"அதுக்குள்ள ஒரு வேலை இருக்கு."

நாகராசு மேற்கொண்டு கேட்கவில்லை. ஐஸ் துண்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். "வெயிலு கொளுத்துது, சட்டுன்னு வந்துரு" என்றான்.

கோயிலில் அன்று கூட்டம். பூசாரி பெட்டியை வாங்கி அம்மன் பாதத்தில், விளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அலங்காரத்துக்குத் திரை விழுந்தது. உச்சிப் பூசை முடிந்துதான் திரை விலகியது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அது இட்லித் தட்டு மாதிரி சுட்டது. துணியில் இருந்த ஐஸ் எப்போதோ தண்ணீராகிப் போயிருந்தது. பிச்சையம்மாளுக்கு அதிலொன்றும் சந்தேகம் வரவில்லை. ஆத்தாளே கையால் தொட்டிருக்கிறாள், அந்தச் சூடுதான் இது என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே முந்தானைக்குள் பொத்திவைத்துச் சாயங்காலம் டாக்டரிடம் நீட்டினாள்.

உடையப்பன் பெஞ்சில் படுத்துக் கையை நீட்டியிருந்தார். டாக்டர் பெட்டியைத் திறந்தார். பஞ்சின்மேல் குங்குமமும் ஒரு வேப்பிலையும் இருந்தன. ஒரு குப்பியை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். அரிசி களைந்த தண்ணீர் போல் இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. கடைசிக் குப்பிவரை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பெட்டி எங்கம்மா இருந்துச்சு?"

அவள் மறைக்கவில்லை. கோயிலையும் விளக்கையும் திரையையும் சொன்னாள். ஆத்தா தொட்ட சூட்டையும் சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே டாக்டர் முகத்தைப் பார்த்தாள்.

பலகைக்கு அங்கிட்டு, "அடப்பாவமே! கேக்காமக் குடுத்துட்டேனே" என்றான் நாகராசு.

"கெட்டுப்போச்சுங்களா?" என்றாள் அவள்.

"இதை இனி உடம்புல ஏத்த முடியாதும்மா."

"வேற?"

"எழுதிப் போடுறேன். கப்பல்ல வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

பிச்சையம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "எங் கையாலயே அவரு காலை வெட்டிப்புட்டேனே, டாக்டரய்யா! எங்காத்தா இப்படிப் பண்ணலாமா?"

டாக்டர் அவளுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. அத்தனை பாடுபட்டு வரவழைத்த மருந்து. ஆனால் அவர் அந்த வேப்பிலையைக் கீழே போடாமல் ஜன்னல் கட்டையில் பத்திரமாக வைத்தார்.

"அவளை ஏம்மா திட்டுறீங்க? அவ ஒரு தப்பும் பண்ணலை. நீங்கதான் ஆளை மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. கால்வலி மருந்துக்கா, இவருக்கா?"

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த தடவை மருந்து சோடாக் கடையிலயே இருக்கட்டும். இவரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. தினமும். வண்டி வேண்டாம், நடத்தியே கூட்டிட்டுப் போங்க. புண்ணுக்கு நான் மெத்தையாக் கட்டுப் போட்டு விடுறேன். மருந்து வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கிற வைத்தியம் இதுதான். உண்மையைச் சொன்னா, முதல்லேருந்தே இதுதான் பெரிய வைத்தியம். நான் ஊசியைக் காட்டுனதால நீங்க ரெண்டு பேரும் நடையை மறந்துட்டீங்க."

உடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். "நடுத்தெருவுல நொண்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

"நிப்போம்" என்றாள் பிச்சையம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானுங் கூட நிக்கிறேன். ரெண்டு பேரா நின்னா என்னத்தைச் சிரிச்சுருவாங்க?"

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். கொல்லன் ஆண்டியப்பன் பட்டறை வரைதான் போக முடிந்தது. உடையப்பன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் தரையை விட்டு எழவில்லை. பிச்சையம்மாளும் பக்கத்தில் நின்றாள். பட்டறைக்குள் சம்மட்டிச் சத்தம் நின்றது. ஆண்டியப்பன், ஒடிந்த வண்டிச் சக்கரத்தின் நடுவிலிருந்த மரக் குடத்தை உருட்டிக்கொண்டு வந்து அவர் அருகில் நிறுத்தினான்.

"உக்காந்துட்டுப் போங்க தபால்காரரே. எம் மகன் கொழும்புலேருந்து போட்ட கடுதாசியை அடைமழையில நனையாமக் கொண்டாந்து குடுத்தீங்க. அன்னிக்கு உங்களை உக்காரச் சொல்லக்கூட எனக்குத் தோணலை. இன்னிக்காவது உக்காருங்க."

உடையப்பன் உட்கார்ந்தார். வலி விட்டதும் எழுந்தார். அடுத்து நின்ற இடம் அழகம்மாளின் ஆப்பக்கடை. அவள் தான் உட்கார்ந்திருந்த மணையை எடுத்துப் போட்டாள். "நான் நின்னுக்கிட்டுச் சுட்டா ஆப்பம் வேகாதா?" என்றாள். அதற்கும் அப்பால் ஜவுளிக்கடை பாய், கல்லாவிலிருந்த நாற்காலியையே வெளியே கொண்டுவந்து போட்டுத் தம் மேல்துண்டால் தூசி தட்டினார். அப்படியாகக் கோயில் வந்தது. அன்று பிச்சையம்மாள் அம்மனிடம் எதுவும் கேட்கவில்லை. "இந்தா, ஆளைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் அவர்கள் வருவதற்கு முன்பே அந்தந்த இடத்தில் குடமும் மணையும் நாற்காலியும் காத்திருந்தன. யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சில நாள் கழித்துச் சவரக்கடை வாசலில் ஒரு புது பெஞ்சும் முளைத்தது. மூக்கன் அதன் பக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னடா இது?" என்றார் உடையப்பன்.

"கிளை ஆபீசு திறந்திருக்கேண்ணே. பெரியாபீசை மூடியாச்சான்னு கேட்ட வாயி, என்ன செய்ய? உக்காந்துட்டுப் போங்க."

உடையப்பன் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பிச்சையம்மாள் கேட்ட சிரிப்பு அது. "ஆபீசுல முத்திரை குத்துறியா, முடி வெட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் சாய்ந்தார். அன்று அவருக்குச் சவரமும் ஆயிற்று.

கோடை போனது. ஆடிக் காற்று போனது. மருந்து வரவில்லை. நடை நிற்கவில்லை. ஒருநாள் ஆண்டியப்பனின் பட்டறையில் நிற்காமலே கடந்துவிட்டார்கள். அவன் வாசலுக்கு ஓடி வந்தான்.

"ஏன், எங் குடத்துல முள்ளா இருக்கு? உக்காராமப் போறீங்க?"

"வலிக்கலையேப்பா!" என்றார் உடையப்பன், தனக்கே ஆச்சரியமாக.

பிறகு அழகம்மாளின் மணையும் சும்மா கிடந்தது. ஐப்பசி மழையில் ஊர்க் கண்மாய் நிறைந்தபோது கட்டைவிரல் புண்ணும் ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கி, ஒரு வடுவாக நின்றது. டாக்டர் கணுக்காலில் விரலை வைத்தார். இந்தத் தடவையும் வெகுநேரம் தேடினார். அவர் முகம் மலர்ந்தது.

"லேசாத்தான், ஆனாத் துடிக்குது! காலு உங்களுதுதான். யாரும் எடுக்க வேண்டியதில்லை."

பிச்சையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரைக் கும்பிட்டாளா, அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த மாதா படத்தைக் கும்பிட்டாளா என்பது அவளுக்கே தெரியாது.

"அடைப்புக் கரைஞ்சுபோச்சுங்களா?" என்று கேட்டார் உடையப்பன்.

"கரைஞ்சிருக்கும்னு நான் நினைக்கலை. பெரிய வாய்க்கால் அடைச்சுக்கிட்டாத் தண்ணி என்ன பண்ணும்? சின்னச் சின்ன வாய்க்காலா வழி கண்டுபிடிச்சு வயலுக்குப் போயிரும். நடக்க நடக்க உங்க காலுலயும் சின்னக் குழாயெல்லாம் அப்படி வழி விட்டிருக்கும். முதல்ல ஏத்துன மருந்து அதுக்குக் கைகொடுத்துச்சா, பீடியை விட்டதாலயா, நடையாலயா, உங்க ஆத்தா புண்ணியமா, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. யாருக்கு நன்றி சொல்லணும்னு கேட்டீங்கன்னா நான் முழிக்கத்தான் வேணும்."

உடையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அதுல எனக்குச் சிரமம் இல்லீங்க. தபால்காரன் எந்த வீட்டையும் விட்டுட்டுப் போறதில்லை. எல்லாருக்கும் சொல்லிட்டு வாரேன்."

சொன்னபடியே அன்று அவர் கடைவீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போனார். வலிக்காத காலோடு குடத்திலும் மணையிலும் நாற்காலியிலும் பெஞ்சிலும் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். நாகராசு கடையில் இரண்டு பேருக்கும் கலர் உடைத்துக் கொடுத்தான். ஐஸ் போட்டிருந்தான். பிச்சையம்மாளுக்குப் பல் கூசியது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

தை மாதம் உடையப்பன் காக்கிச் சட்டையை மறுபடி மாட்டினார். தூரத்துப் பட்டிகளை இளவட்டம் ஒருவனுக்கு விட்டுவிட்டு, ஊருக்குள்ளேயே தபால் கொடுக்க மேலதிகாரி அனுமதித்தார். மாசியில் ஒருநாள் பஸ்ஸில் வந்த மூட்டையில் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய ஒரு பார்சல் இருந்தது. மேலே டாக்டர் மைக்கேல்சாமியின் பெயர். உடையப்பன் மற்ற தபால்களைத் தொடக்கூட இல்லை. அதைக் கையிலெடுத்துக்கொண்டு நேரே சோடாக் கடைக்கு நடந்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் மூச்சு விட்டார்.

அவருக்கு அது இனித் தேவைப்படவில்லை. நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ராக்கன் என்று ஓர் ஆட்டுக்காரர் வந்திருந்தார். அதே வலி, அதே நிறத்தில் புண். டாக்டரை எதிர்பார்த்து அவர் வைத்தியசாலை பெஞ்சில் படுத்திருக்க, அவர் மனைவி ராசாத்தி சோடாக் கடை வாசலில் நின்று ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் வேப்பிலைக் கொத்து ஒன்று செருகியிருந்தது. புருஷனுக்குச் சோறு கொண்டு வந்த பிச்சையம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. அருகில் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"பெட்டி இங்கனயே இருக்கட்டும் தங்கச்சி. டாக்டரு ஊசி போட்டு முடிக்கட்டும். அப்புறம் அண்ணனைக் கூட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவோம். நானும் வாரேன்."

"அவரால நாலடி நடக்க முடியாதேக்கா. தெருவுல நின்னுருவாரு. வெளியூரு வேற, எல்லாரும் பாப்பாங்களே."

"பாக்கட்டும்."

சாயங்காலம் ஊசி முடிந்ததும் மூவரும் கடைவீதியில் இறங்கினார்கள். கொஞ்ச தூரத்திலேயே ராக்கன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத ஊரில் நான்கு பக்கமும் மிரண்டு பார்த்தார். ராசாத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டறைக்குள்ளிருந்து தரையை உரசிக்கொண்டு ஏதோ உருண்டு வரும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அழகம்மாள் மணையைத் தட்டினாள். ஜவுளிக்கடை நாற்காலி படி இறங்கியது. தோள்பையோடு எதிரே வந்துகொண்டிருந்த உடையப்பன் நின்று, குடத்தைத் தம் துண்டால் துடைத்துவிட்டார்.

"உக்காந்துட்டுப் போங்க" என்றார்.